நெசவாளியைச் சாட்சிக்கு அழைத்தவர்கள்

கடவுள் உண்டு என்பதற்கு நெசவுத் தொழிலையே சாட்சியாகக் கூப்பிட்ட ஒருவர் இருந்தார். பெயர் உதயனர். மிதிலைக்காரர், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர், நியாய சாத்திரத்தில் பெரிய கை. அவருடைய நியாயகுசுமாஞ்சலி முழுக்க ஈசுவரனை நிறுவுவதற்காகவே எழுதிய நூல். அதில் அவர் அடுக்கும் காரணங்களில் ஒன்று இப்படிப் போகிறது: துணி நெய்யும் திறமை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பழக்கமாக வருகிறது. மகன் தகப்பனைப் பார்த்துக் கற்கிறான், தகப்பன் பாட்டனைப் பார்த்து. பேச்சும் அப்படித்தான், குழந்தை எழுதப் பழகுவதும் அப்படித்தான். பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால், யாரிடமும் கற்காமல் முதல் ஆளுக்குக் கற்றுக்கொடுத்த ஒருவரிடம் போய் நின்றாக வேண்டும். அவரே ஈசுவரன்.

தெள்ளாரில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆரணி முதலாளிக்குப் பட்டு நெய்கிறவன் நான். அஞ்சல் வழியில் தமிழ் படித்தேன். படித்த படிப்பு வேலைக்கு உதவவில்லை, வம்புக்கு உதவுகிறது. இந்த வாதத்தைப் படித்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. குயவனைச் சொல்லாத தத்துவ நூல் இந்த நாட்டில் கிடையாது. நம்மையும் ஒருவர் மதித்துக் கூப்பிட்டிருக்கிறாரே! தேவாங்கர் புராணத்திலும் இதே எண்ணம் கதையாக இருக்கிறது. திருமாலின் உந்தித் தாமரைத் தண்டிலிருந்து தேவலர் நூல் வாங்கி வந்து முதல் துணியை நெய்தார் என்பார்கள். உதயனர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறினவன் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? என் தகப்பனார் எனக்குக் கற்றுக்கொடுத்த தொழில் அவருக்கு அவர் தகப்பனார் கற்றுக்கொடுத்தது அல்ல. அந்தக் காலத்தில் கரையில் பூ விழ வேண்டுமானால் ஒரு பையன் பக்கத்தில் நின்று நூலைத் தூக்கிக் கொடுப்பான். இப்போது தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. மிதியை மிதித்தால் அதுவே தூக்கிக் கொடுக்கும். அது பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் அமைத்துக் கொடுத்தது. சாயம் மாறியது, ஜரிகை மாறியது, பாவு ஓடும் விதம் மாறியது. மேலிருந்து முழுசாக இறங்கி வந்த தொழிலாக இது எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுப்போட்டு வளர்ந்ததாகத்தான் தெரிகிறது. அந்த முதல் நெசவாளியும் இன்னொரு ஜக்கார்டாக ஏன் இருக்கக் கூடாது?

உதயனரிடம் இதற்குப் பதில் உண்டு. உலகம் ஒடுங்கி மறுபடி தோன்றும் நேரத்தில் ஜக்கார்டும் கிடையாது, தேவலரும் கிடையாது; அப்போது யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பார். அப்படியானால் உலகம் ஒடுங்கி மறுபடி தொடங்குகிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை ஒப்புக்கொள்ளாத ஆட்கள் எங்கள் பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தெள்ளார் என்றால் பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான் வரும்: தெள்ளாறு எறிந்த நந்திவர்மன். ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பாண்டியனை இங்கே முறியடித்தான், அவன்மேல் நந்திக்கலம்பகம் பாடினார்கள் என்பதோடு எங்கள் ஊர்ச் சரித்திரம் முடிந்துவிடும். அவன் வீட்டுக்குள் நடந்ததுதான் எனக்குச் சுவை. நந்திவர்மன் அழுத்தமான சிவபக்தன். அவன் தேவி சங்கா ராஷ்டிரகூட குலத்துப் பெண். அந்தக் குலத்தில் அப்போது அரசாண்ட அமோகவர்ஷன், ஜினசேனர் என்ற சமண ஆசாரியரைக் குருவாகக் கொண்டவன். அந்த ஜினசேனர் எழுதிய ஆதிபுராணத்தில் 'உலகத்தை ஒருவர் படைத்தார்' என்ற கொள்கையைப் பிய்த்துப் போட்டிருக்கிறார். மாமியார் வீட்டு விருந்தில் பேச்சு இந்தப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்வது பல்லவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

தமிழ்ச் சமணர்களை எங்கள் பக்கம் நயினார் என்போம். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, சேத்துப்பட்டு சுற்று வட்டாரத்தில் பல ஊர்களில் அவர்கள் குடியிருக்கிறார்கள், பெரும்பாலும் விவசாயம். பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் பாதம் செதுக்கியிருக்கிறது. திறக்கோயில் பாறைகளில் தீர்த்தங்கரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போளூர்ப் பக்கத்துத் திருமலையில் நேமிநாதர் மலையோடு மலையாக நிற்கிறார். எனக்குப் பழக்கமான நயினார் ஒருவர் உண்டு, என்னைவிட மூத்தவர். பேச்சுக்கு நல்ல துணை. பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் நியமம், அதனால் எங்கள் வாதம் எதுவும் இருட்டின பிறகு நீண்டதில்லை.

அவரிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன்: "ஐயா, கடவுள் இருக்காருன்னு சொல்றீங்களா, இல்லைன்னு சொல்றீங்களா?"

"எத்தனை பேரைக் கேக்கற தம்பி?" என்றார்.

வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்தேன். அவருடைய சமயத்தின் மொத்த நிலைப்பாடே அந்த எதிர்க் கேள்விதான் என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் விளங்கியது.

உலகத்தைப் படைத்தவர் என்று கடவுளை வரையறுத்தால் சமணத்தில் கடவுள் இல்லை. உலகம் தொடங்கவே இல்லை, முடியவும் போவதில்லை, ஆகையால் படைக்க ஆள் வேண்டாம். படைத்தார் என்கிறவர்களிடம் அவர்கள் கேட்கும் கேள்விகள் கிராமத்துப் பிள்ளைக்கும் விளங்கும். படைக்கும் முன் அவர் எங்கே நின்றார்? கை கால் உண்டா? உண்டென்றால் அந்த உடம்பைச் செய்தது யார்? இல்லையென்றால் மண்ணைப் பிசைந்தது எதால்? ஏதோ ஒன்று வேண்டியிருந்ததால் செய்தாரா? வேண்டியிருந்தால் குறை உள்ளவர். வேண்டாமலே செய்தார் என்றால், வீண் வேலை.

இதற்குச் சைவம் சொன்ன பதிலும் இலேசானதல்ல. எங்களுக்குத் தெற்கே விழுப்புரம் பக்கத்துத் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தைப் பன்னிரண்டே சூத்திரத்தில் செய்தார். முதல் சூத்திரமே கடவுளை நிறுவும் சூத்திரம். அவன், அவள், அது என்று சுட்டிக்காட்டக்கூடிய எதுவும் தோன்றி, நின்று, மறைகிறது. அறிவில்லாத பொருள் தானாக இப்படி இயங்காது. இயக்குகிறவன் ஒருவன் வேண்டும். எதிலிருந்து செய்தான் என்றால், ஒன்றுமில்லாததிலிருந்து அல்ல. மாயை என்ற முதற்பொருள் என்றும் இருக்கிறது, உயிர்களும் என்றும் இருக்கின்றன. மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல மாயை, சத்தி, சிவன். சிவன் தன் சத்தியால், சங்கற்பத்தால் செய்கிறானே தவிரக் கையால் பிசைவதில்லை. ஏன் செய்கிறான்? தனக்கு வேண்டி அல்ல, உயிர்களின் அழுக்கைக் கழுவ. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவர்கள் தரப்பை முதலில் சொல்லி, பிறகு மறுத்தார். சமணரும் அந்தப் பட்டியலில் உண்டு. எதிராளியின் பேச்சை முழுக்க எழுதி வைத்துவிட்டு மறுப்பது என்ற நாகரிகத்துக்காகவே அவரைக் கும்பிடலாம்.

இரண்டு தரப்பும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் திருக்குறளின் முதல் அதிகாரத்துக்குப் போங்கள். அங்கே கடவுளை எட்டுக் குணம் உடையவன் என்று வள்ளுவர் சொல்கிறார்; எட்டும் எவை என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில்தான் சண்டை. பரிமேலழகர் சைவ ஆகமத்தின்படி எட்டை எண்ணுகிறார்: தன்வயமாக இருத்தல், தூய உடம்பு, இயற்கை உணர்வு, முற்றும் உணர்தல், இயல்பாகவே பாசம் நீங்கியிருத்தல், பேரருள், முடிவில்லாத ஆற்றல், வரம்பில்லாத இன்பம். சமணர் எண்ணும் எட்டு வேறு: கடையிலா அறிவு, கடையிலாக் காட்சி, கடையிலா ஆற்றல், கடையிலா இன்பம், பெயரின்மை, கோத்திரமின்மை, ஆயுளின்மை, அழியா இயல்பு.

அறிவு, ஆற்றல், இன்பம் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. பிரிவு இரண்டு இடத்தில். சைவப் பட்டியலில் பாசம் 'இயல்பாகவே' நீங்கியிருக்கிறது. சிவனுக்கு அழுக்கு ஒருநாளும் ஒட்டியதே இல்லை. சமணப் பட்டியலில் உள்ளவர் ஒருகாலத்தில் நம்மைப் போல அழுக்கில் கிடந்து, உழைத்துக் கழுவிக்கொண்டு மேலே போனவர். ஆகவே அந்தப் பதவி யாருக்கும் திறந்திருக்கிறது. ஏற்கெனவே போனவர்கள் எண்ணில் அடங்காதவர்கள். நயினார் 'எத்தனை பேர்' என்று கேட்டதன் பொருள் இது. இரண்டாவது பிரிவு, பேரருள். சமணப் பட்டியலில் அது கிடையாது. விடுதலை அடைந்தவர் நமக்காக இறங்கி வரமாட்டார், கூப்பிட்டால் கேட்கமாட்டார், கேட்டாலும் ஒன்றும் செய்யமாட்டார்.

கோத்திரமின்மை என்பதை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். உயர்ந்த குடி, தாழ்ந்த குடி என்று பிறப்பைத் தீர்மானிக்கிற வினை ஒன்று உண்டு என்பது அவர்கள் கணக்கு. அது கரைந்தவரே கடவுள். தெருவுக்கு ஒரு சாதி குடியிருக்கும் ஊரில், சாதி தீர்ந்துபோனது கடவுளின் இலக்கணத்தில் ஒன்று என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மேலே போகும்வரை காத்திருக்க வேண்டுமா என்று நயினாரைக் கேட்டேன். அன்றைக்குச் சூரியன் சீக்கிரம் சாய்ந்துவிட்டது!

இந்த எட்டையும் இன்னொரு விதமாகப் பாருங்கள். முதல் நான்கு எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன? நமக்குக் கொஞ்சம் அறிவு இருக்கிறது, கொஞ்சம் ஆற்றல் இருக்கிறது. அதன் எல்லையை எடுத்துவிட்டால் கடையிலா அறிவு, கடையிலா ஆற்றல். மற்றவை கழித்துச் செய்தவை. நமக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, சாவு இருக்கிறது, அவற்றை நீக்கு. கடவுள் என்ற கருத்து மனிதன் மனத்தில் எங்கிருந்து வந்தது என்று ஐரோப்பாவில் ஜான் லாக் 1690இல் வெளியான தன் நூலில் ஆராய்ந்தார். பிறக்கும்போதே மனத்தில் பதிந்து வந்தது என்று டெக்கார்த் 1641இல் சொல்லியிருந்தார். லாக் இல்லை என்றார். நம் அனுபவத்தில் கண்ட அறிவு, ஆற்றல், இன்பம் முதலானவற்றை எடுத்து, ஒவ்வொன்றையும் முடிவில்லாததாக விரித்து, ஒன்றாகக் கட்டினோம், அதுவே கடவுள் என்ற கருத்து என்றார். 1841இல் ஜெர்மனியில் ஃபாயர்பாக் அதையே திருப்பிப் போட்டார்: அப்படியானால் நீங்கள் கும்பிடுவது மனிதனின் குணங்களையே அல்லவா? சமணரிடம் போய் இதைச் சொன்னால் அவர்கள் அதிர்ச்சி அடையமாட்டார்கள். ஆமாம், உன் உயிரின் சொந்தக் குணங்கள்தாம், அழுக்கு மூடியிருக்கிறது, துடை என்பார்கள். குண்டு வெடிக்க வேண்டிய இடத்தில் அவர்கள் ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

கருத்து எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி கடவுளுக்கு மட்டும் உரியதல்ல. துணிக்கே உண்டு. இதில் என் தொழிலை மறுபடியும் சாட்சிக்கு இழுக்கிறார்கள், இந்தத் தடவை பலபேர் சேர்ந்து.

திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டரின் தருக்கசங்கிரகத்தைத் தமிழில் தந்தார். தருக்கம் தொடங்குகிறவன் முதலில் படிக்கிற நூல் அது. காரணம் மூன்று வகை என்று சொல்லிவிட்டு அது காட்டும் உதாரணம் துணிதான். துணிக்கு நூல் ஒரு காரணம். நூலும் நூலும் சேரும் சேர்க்கை இன்னொரு காரணம். நாடாவும் தறியும் மூன்றாவது காரணம். நூலில் துணி பிரிக்க முடியாதபடி ஒட்டி நிற்கிறது, அந்த ஒட்டுக்குச் சமவாயம் என்று பெயர். நியாய வைசேடிகர் சொல்வது என்னவென்றால், துணி வேறு, நூல் வேறு. நூல்கள் சேர்ந்ததும் முன்பு இல்லாத ஒரு புதுப் பொருள் பிறக்கிறது. அதோடு, எல்லாத் துணியிலும் 'துணித்தன்மை' என்ற பொதுமை ஒன்று உண்மையாகவே குடியிருக்கிறது.

பௌத்தர்கள் இதை விடவில்லை. அவர்கள் கொண்டுவந்த ஆயுதம் தராசு. நூலை நிறுத்துப் பார், துணியை நிறுத்துப் பார். துணி புதுப் பொருள் என்றால் எடை கூட வேண்டாமா? இந்த இடத்தைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். முதலாளி பட்டையும் ஜரிகையையும் நிறுத்துத்தான் கொடுப்பார், முடிந்த புடவையையும் நிறுத்துத்தான் வாங்குவார். எடை கூடினால் அதிசயம், குறைந்தால் கேள்வி. ஆனால் கூலி? கூலி எடைக்குக் கிடையாது, புடவைக்கு. நூலுக்குமேல் ஒன்றும் இல்லை என்றால் எனக்கு எதற்குக் கூலி? வைசேடிகர் என் கட்சி போலத் தோன்றுகிறது.

தறியில் உட்கார்ந்து பார்த்தால் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு வராது. அச்சுக்கு அந்தப் பக்கம் பாவு நூல், இந்தப் பக்கம் துணி. நாடா ஓடுகிறது, ஊடை விழுகிறது, அச்சை இழுத்து அடிக்கிறேன். அடித்த அந்த ஒரு இழை இப்போது நூலா, துணியா? இந்த அடியில் துணி ஆயிற்று என்று கோடு கிழிக்க முடியுமா? ஒரு இழை தவறாக விழுந்தால் பின்னுக்கு வாங்கிப் பிரிக்கிறேன். துணி மறுபடியும் நூலாகிறது. புதுப் பொருள் ஒன்று பிறந்து செத்த மாதிரி எனக்குத் தோன்றியதே இல்லை.

பொதுமை விஷயத்தில் காஞ்சிபுரத்துக்காரர் சொன்னது இன்னும் கூர்மையானது. திக்நாகர், பௌத்த அளவை நூலின் தந்தை போன்றவர், காஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. துணித்தன்மை என்று ஒன்று வெளியே கிடையாது என்கிறார் அவர். 'துணி' என்றால் துணி அல்லாதவற்றை விலக்குகிறோம், அவ்வளவுதான். மனம் விலக்கி விலக்கிப் பெற்ற மீதியே கருத்து. மணிமேகலை காப்பியத்தில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் அளவை, திக்நாகர் வழியில் வந்த தருக்கத்தையே பெரும்பாலும் ஒட்டியது என்பார்கள் ஆராய்ச்சியாளர்கள். சித்தியாரின் அளவைப் பகுதி நடுவழி போகிறது: முதலில் 'ஏதோ ஒன்று' என்று வெறும் காட்சி, பிறகுதான் அறிவு அதற்குப் பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்ற ஐந்தையும் பொருத்திக் காண்கிறது.

எனக்குத் தெரிந்த வகையில் இதை ஜக்கார்டு அட்டையை வைத்துத்தான் யோசிக்க முடிகிறது. மயில் கரைக்கு ஓட்டை குத்திய அட்டைக் கட்டு ஒன்று பெட்டியில் தொங்குகிறது. அதில் மயில் இல்லை, ஓட்டைதான் இருக்கிறது. அதிலிருந்து எத்தனை புடவையிலும் மயில் இறங்குகிறது, அரக்கிலும் இறங்கும், பச்சையிலும் இறங்கும். பொதுமை என்பது அட்டையிலா, புடவையிலா, பார்க்கிறவர் கண்ணிலா? வைசேடிகர் புடவை என்பார், திக்நாகர் கண் என்பார். அட்டை என்று சொல்லியிருக்கக்கூடியவர் கிரேக்கத்துப் பிளேட்டோ. நாம் காண்பவை எல்லாம் எங்கோ நிலையாக இருக்கும் முன்மாதிரிகளின் சாயல் என்றவர். எனக்கு அட்டை என்றுதான் சொல்ல ஆசை. ஆனால் அட்டையைக் குத்தினவர் எங்கோ ஒரு புடவையையோ ஒரு படத்தையோ பார்த்துத்தானே குத்தியிருக்கிறார்.

இனி உதயனரிடம் ஒரு பாக்கி இருக்கிறது. எது பொதுமை ஆகும், எது ஆகாது என்பதற்கு அவரே விதி வைத்திருக்கிறார். முதல் விதி: ஒன்றே ஒன்றாக உள்ள பொருளுக்குப் பொதுமை கிடையாது. ஆகாயம் ஒன்று, ஆகவே 'ஆகாயத்தன்மை' என்ற சாதி இல்லை. இதே விதியால் பார்த்தால் ஒரே ஈசுவரனை ஏற்கும் நியாயத்தில் 'ஈசுவரத்தன்மை' என்ற பொதுமை இருக்க முடியாது. ஈசுவரன் ஓர் ஆள். அவர் செய்யும் வேலையைக் கொண்டு அவரை அடையாளம் காணலாமே தவிர, 'ஈசுவரர்கள்' என்ற இனம் ஒன்றில் அவர் ஒரு நபர் அல்ல. சமணத்திலோ கடவுள் என்பது முழுக்க முழுக்க ஓர் இனம். தகுதி இருந்தால் நீங்களும் சேரலாம். 'கடவுள் உண்டா' என்ற ஒரே வாசகத்தைக் கொண்டு இருவரும் வாதாடும்போது ஒருவர் ஓர் ஆளைத் தேடுகிறார், மற்றவர் ஒரு பதவியைத் தேடுகிறார். இந்த நாட்டுத் தருக்கத்தில் நான் கற்றதில் பெரியது இதுவே: கடவுளைப் பற்றிய சண்டையில் பாதிக்குமேல், பொதுக் கருத்து என்றால் என்ன என்ற சண்டைதான். சித்தாந்திகளும் சமண ஆசாரியர்களும் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். நாம்தான் தொலைக்காட்சி விவாதத்தில் இதை மறந்துவிட்டு 'உண்டு', 'இல்லை' என்று கத்துகிறோம்.

கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்கிற உலகாயதருக்கும் பூதவாதிக்கும் இந்தச் சபையில் நாற்காலி உண்டு. மணிமேகலையில் வஞ்சி மாநகரில் பூதவாதி வருகிறார். ஆத்திப் பூவையும் கரும்புக் கட்டியையும் சேர்த்தால் போதை பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறார். கண்ணுக்குத் தெரியாத முற்பிறப்பைத் தெய்வம் சொன்னதாக மணிமேகலை நம்புவதைப் பழிக்கிறார். அவள் கேட்பது ஒரே கேள்வி: உன் தாய் தந்தை யார் என்று அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்? நீலகேசியில் இன்னும் கூத்து. சமணக் காப்பியம் அது. பழையனூர்ப் பேய் ஒன்று சமண முனிவரிடம் தோற்று, அறம் கேட்டு, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர் என்று எல்லோரையும் வாதத்தில் வெல்கிறது. கடைசியில் அகப்படுகிறவர் பூதவாதி. அவரிடம் நீலகேசி தன் பழைய பேய் உருவத்தைக் காட்டிவிடுகிறாள். கண்ணால் கண்டால்தானே நம்புவாய், பார்த்துக்கொள்! இது நியாயமான வாதம் இல்லை என்பது என் கட்சி. பயமுறுத்தல் அளவைகளில் ஒன்றாக எந்த நூலிலும் வரவில்லை. நீலகேசியை வாமன முனிவர் உரையோடு 1936இல் பதிப்பித்துக் கொடுத்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். சென்னையில் 1880களில் 'தத்துவ விவேசினி' நடத்திய நாத்திகர்களும் 1925 முதல் 'குடி அரசு' நடத்திய பெரியாரும் பூதவாதியின் நாற்காலியில் உட்கார்ந்தவர்களே. நல்ல வேளையாக அவர்களுக்கு எதிரே பேய் வரவில்லை.

இலக்கணத்துக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. படைக்காத, அருளாத, கூப்பிட்டால் கேட்காத கடவுளை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி எப்படிக் குடும்பம் நடத்துவது? கடையிலா அறிவு உடையவர் மழைக்குப் பொறுப்பில்லை. அதனால்தான் தமிழ்ச் சமணக் கோயில்களில் தீர்த்தங்கரருக்குப் பக்கத்தில் தருமதேவி இருக்கிறாள், பத்மாவதி இருக்கிறாள்; பொன்னூரில் ஜ்வாலாமாலினி இருக்கிறாள். இவர்கள் விடுதலை அடைந்தவர்கள் அல்ல, எட்டுக் குணமும் இல்லை, தத்துவப்படி கடவுளே இல்லை. ஆனால் வேண்டுதல் எல்லாம் அவர்களிடம்தான். தத்துவம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட பேரருளைப் பெண்கள் பக்கத்துச் சந்நிதியில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்பது என் கணக்கு. நயினாரிடம் சொன்னபோது மறுக்கவில்லை. "உங்க சிவன் கோயில்ல அம்மன் சந்நிதியில்தானே கூட்டம் அதிகம்?" என்று மட்டும் கேட்டார்.

என் வீட்டில் தறிக்கு ஆயுத பூசையன்று பொட்டு வைத்துப் பொரி கடலை படைப்போம். என் மனைவிக்கு நான் படிக்கிற எட்டும் தெரியாது, பதினான்கும் தெரியாது. தறி நின்றால் அடுப்பு நிற்கும் என்று தெரியும். எந்த வரையறையிலும் தறி கடவுள் ஆகாது. எந்த ஆசாரியராவது வந்து அந்தப் பொட்டை அழிக்கச் சொன்னால் முதலில் என் மனைவியோடு வாதாடிவிட்டு வரட்டும்.

இதையெல்லாம் சொந்தமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் சித்தியார் பரபக்கத்தையும் நீலகேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் அந்த ஒரு தரப்பே வென்றதாகத் தோன்றும். கால் வலு இருந்தால் வந்தவாசிக்கு வந்து பொன்னூர் மலை ஏறுங்கள், திறக்கோயில் பாறைகளையும் பாருங்கள். தண்ணீர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்கு முன் போய்விடுங்கள். பாறையில் மட்டும் உங்கள் பெயரைக் கீறி வைக்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் பெயரைத் தொலைக்க எவ்வளவோ பாடுபட்டவர்கள்.